கையெழுத்துக்கு முன்னால்: சிறு விமானப் பராமரிப்பில் பொறுப்பேற்கும் முறை, படிப்படியாக

“அண்ணா, வேலையெல்லாம் முடிச்சாச்சு. நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்.”

எங்கள் ஹேங்கரில், அதாவது விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் கொட்டகையில், வேலை பழகிக்கொண்டிருந்த தம்பி ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை என்னிடம் இப்படிச் சொன்னார். ஒரு பறக்கும் பள்ளியின் செஸ்னா 172 அது. மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரை மாற்றி, பெல்ட்டின் இறுக்கத்தைப் பார்த்து, போல்ட்டுகள் கழலாமல் காக்கும் சேஃப்டி வயர் முறுக்கி, இன்ஜின் மூடியான கவுலிங்கையும் மூடிவைத்திருந்தார். மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரு மாணவருக்கு அந்த விமானம் வேண்டும். “கவுலிங்கைக் கழற்றுங்க தம்பி” என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. தன் வேலையை நான் நம்பவில்லை என்று நினைத்துவிட்டார்.

நம்பிக்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அன்று அவருக்கு நின்றபடியே ஐந்து நிமிடத்தில் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். நான் வேலை செய்வது அமெரிக்காவில், எஃப்.ஏ.ஏ எனும் விமானத்துறை ஆணையத்தின் விதிகளின் கீழ். அதனால் இந்த வழிகாட்டி அந்த நாட்டு முறையைத்தான் பேசுகிறது. இந்தியாவில் ஏ.எம்.இ (விமானப் பராமரிப்புப் பொறியியல்) படித்துவிட்டு இங்கே லைசென்ஸ் எடுக்க வருகிறவர்களுக்கும், சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருப்பவர்களுக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதல் படி: உங்கள் லைசென்ஸ் எதுவரை என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஏர்ஃபிரேம் (விமானத்தின் உடல்), பவர்பிளான்ட் (இன்ஜின்) என்ற இரண்டு தகுதிகளையும் சேர்த்து இங்கே ‘ஏ அண்ட் பி’ என்பார்கள். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படித்திருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டுக்கும் சேர்த்து 30 மாத வேலை அனுபவம் காட்ட வேண்டும். அப்புறம் மூன்று எழுத்துத் தேர்வு, அதன் மேல் வாய்மொழித் தேர்வும் செய்முறைத் தேர்வும்.

இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு விஷயம் வியப்பாக இருக்கும். அங்கே விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ-வின் கார்-66 விதிப்படி பி1 (இயந்திரம்), பி2 (மின்னணுக் கருவிகள்) என்று பிரிவுகள் உண்டு. பெரிய விமானம் என்றால் எந்த ரகத்துக்குக் கையெழுத்திடலாம் என்பதும் லைசென்ஸிலேயே பதிவாகும். அமெரிக்க லைசென்ஸில் ரகம் எதுவும் குறிக்கப்படுவதில்லை. செஸ்னா 150 முதல் போயிங் 747 வரை ஒரே அட்டைதான். இதைப் பார்த்துவிட்டு ‘எல்லாம் நமக்கு அனுமதி’ என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அது தவறு. எல்லைக்கோடு அட்டையில் இல்லை, 65.81 என்ற எஃப்.ஏ.ஏ விதியில் இருக்கிறது. ஒரு வேலையை நீங்கள் முன்பு ஒருமுறையாவது திருப்தியாகச் செய்திருந்தால்தான் அதை மேற்பார்வையிடவோ, விமானத்தைப் பறக்க விடலாம் என்று ஒப்புதல் தரவோ முடியும். செய்ததில்லை என்றால், செய்து பழகியவரின் நேரடி மேற்பார்வையில் செய்ய வேண்டும். அந்த வேலைக்கான தயாரிப்பாளரின் நடப்புக் குறிப்புகள் உங்களுக்குப் புரிந்திருக்கவும் வேண்டும். கடந்த 24 மாதங்களில் குறைந்தது ஆறு மாதமாவது இந்தத் தொழிலில் இருந்திருக்க வேண்டும் என்று இன்னொரு விதி சொல்கிறது.

ஆக, உங்கள் எல்லையை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. துணி போர்த்திய இறக்கையை நீங்கள் தைத்ததே இல்லை என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதை வெளியே சொல்வதில்தான் இந்தத் தொழிலில் நேர்மை தொடங்குகிறது.

யார் எதற்குக் கையெழுத்திடலாம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பறந்த 100 மணி நேரத்துக்கு ஒருமுறை செய்யும் 100 மணி நேரச் சோதனை, சிறு பழுதுகள், சிறு மாற்றங்கள் இவற்றுக்கு ஏ அண்ட் பி போதும். பெரிய பழுதை ஏ அண்ட் பி சரிசெய்யலாம், ஆனால் அதன்பின் பறக்க ஒப்புதல் தர ‘ஐ.ஏ’ எனும் இன்ஸ்பெக்‌ஷன் ஆதரைசேஷன் உள்ளவர் வேண்டும். வருடாந்தரச் சோதனைக்கும், அதாவது ஹேங்கர் பேச்சில் ‘ஆனுவல்’ என்கிறோமே அதற்கும், அவர்தான் வேண்டும். ஏ அண்ட் பி வாங்கி மூன்று ஆண்டு ஆனவர், அதில் கடைசி இரண்டு ஆண்டும் தொடர்ந்து தொழிலில் இருந்தவர், ஐ.ஏ தேர்வு எழுதலாம். அந்த அதிகாரம் ஒற்றைப்படை ஆண்டுகளின் மார்ச் 31-ல் காலாவதியாகும். புரொப்பெல்லரின் பெரிய பழுதும், கருவிகளின் எந்தப் பழுதும் இந்த இருவர் கைக்குமே அப்பாற்பட்டவை. அவற்றை அதற்கு அங்கீகாரம் பெற்ற பழுதுநீக்கும் நிலையத்துக்கு, அதாவது ரிப்பேர் ஸ்டேஷனுக்கு, அனுப்ப வேண்டும். விமானம் வைத்திருக்கும் பைலட் ஆயில் மாற்றுவது, டயர் மாற்றுவது, ஸ்பார்க் பிளக் சுத்தம் செய்வது போன்ற முன்தடுப்பு வேலைகளைத் தானே செய்து தன் பெயரில் எழுதிக்கொள்ளலாம். அந்தப் பட்டியல் பார்ட் 43 எனும் பராமரிப்பு விதித் தொகுப்பின் ‘ஏ’ பின்னிணைப்பில் இருக்கிறது. பட்டியலில் இல்லாததை மெக்கானிக்கின் மேற்பார்வை இல்லாமல் உரிமையாளர் தொடக்கூடாது.

இரண்டாம் படி: ஸ்குரூடிரைவரை எடுக்கும் முன் காகிதத்தை எடுங்கள்

விமானம் உள்ளே வந்ததும் எனக்கு வேண்டியது லாக்புக்குகள், அதாவது செய்த வேலைகளின் பதிவேடுகள். விமானத்துக்கு ஒன்று, இன்ஜினுக்கு ஒன்று, புரொப்பெல்லருக்கு ஒன்று. கூடவே எடைக் கணக்கும், பெரிய பழுதுகளுக்கான 337 படிவங்களும். இவற்றைப் பார்க்காமல் ஆனுவல் தொடங்குவது, நோயாளியின் பழைய சீட்டைப் பார்க்காமல் மருந்து எழுதுவதற்குச் சமம்.

ஒரு ரகத்தில் ஆபத்தான குறை தெரிந்தால் எஃப்.ஏ.ஏ விடும் ஆணையான ஏர்வர்தினெஸ் டைரக்டிவ், சுருக்கமாக ஏ.டி, இங்கேதான் நேரம் தின்னும். ஏ.டி என்பது பரிந்துரை அல்ல, சட்டம். செஸ்னாக்களில் இருக்கைத் தண்டவாளத்துக்கான 2011-10-09 என்ற ஏ.டி-யை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டவாளத்தின் துளைகள் தேய்ந்தால் பூட்டு ஊசி சரியாக உட்காராது. விமானம் ஓடுபாதையை விட்டு மூக்கை உயர்த்தும் நேரத்தில் பைலட்டின் இருக்கை பின்னால் சறுக்கும். பிடிமானத்துக்கு அவர் கையில் இருப்பது கன்ட்ரோல் வீல் மட்டும்தான், அதைத் தன் பக்கம் இழுத்துவிடுவார். விமானம் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கைகள் தூக்கும் விசையை இழந்து, விழும். இப்படி உயிர்கள் போன பிறகு வந்த விதி அது. ‘இருக்கையை ஆட்டிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது’ என்பது பதில் ஆகாது. துளையை அளக்க வேண்டும், 0.42 அங்குலத்தைத் தாண்டினால் தண்டவாளத்தை மாற்ற வேண்டும். அளந்த பிறகுதான் அந்த ஏ.டி எண்ணுக்கு எதிரே கையெழுத்து.

இதே கட்டத்தில் உரிமையாளரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். எந்தச் சோதனை, எதுவரை, குறை கண்டால் யாரைக் கேட்டுச் செய்வது, செலவு எவ்வளவு போனால் நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். 91.403 விதிப்படி விமானத்தைப் பறக்கத் தகுதியான நிலையில் வைத்திருக்கும் முதல் பொறுப்பு உரிமையாளருடையது. பல உரிமையாளர்களுக்கு இது தெரியாது, மெக்கானிக்கிடம் விட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். பின்னால் வரும் சண்டைகளில் பாதி, முன்னால் பேசாததால் வருபவை.

மூன்றாம் படி: புத்தகம், கருவி, உதிரிபாகம்

43.13 விதி கேட்பது கடினமானதல்ல. தயாரிப்பாளரின் நடப்பு மானுவலில் உள்ள முறையில் செய், அல்லது எஃப்.ஏ.ஏ ஏற்கும் வேறு முறையில் செய். சரியான கருவியால் செய். முடித்தபின் அந்தப் பாகம் குறைந்தது அசல் நிலைக்குச் சமமாக இருக்கட்டும். ‘நடப்பு’ என்ற சொல்லைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். ஹேங்கர் அலமாரியில் எண்ணெய்க் கறையோடு கிடக்கும் பழைய பிரதியில் உள்ள டார்க் (திருகி இறுக்கும் விசை) அளவு, திருத்தத்தில் மாறியிருக்கலாம்.

மனப்பாடத்தில் பெருமை கொள்ளாதீர்கள். இருபது வருடம் செய்த வேலைக்கும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்கிறவர்களைத்தான் நான் மதிக்கிறேன்.

உதிரிபாகத்தில் கண்ணளவு உதவாது என்பதற்கு இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1990 ஜூன் 10, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390, பர்மிங்ஹாமிலிருந்து கிளம்பிய பி.ஏ.சி ஒன்-லெவன் விமானம். பறக்கும்போது கேப்டன் பக்கத்துக் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் உடல் பாதி வெளியே தொங்க, பணியாளர்கள் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டார்கள். துணை விமானி இறக்கினார், எல்லோரும் பிழைத்தார்கள். அந்தக் கண்ணாடியின் 90 போல்ட்டுகளில் 84 குறைந்த விட்டம் கொண்டவை, மீதி ஆறு நீளம் குறைந்தவை. கழற்றிய பழைய போல்ட்டோடு பக்கத்தில் வைத்துக் கண்ணால் ஒப்பிட்டு எடுத்திருந்தார்கள். அந்தப் பழைய போல்ட்டே தவறானது! வேலையைச் செய்தவரும் அதற்குக் கையெழுத்திட்டவரும் ஒருவரே, ஷிஃப்டின் பொறுப்பாளர். இன்னொரு கண் அதைப் பார்க்கவில்லை. அது பெரிய ஜெட் விமானம்தான், ஆனால் இரண்டு பேர் மட்டுமே வேலை செய்யும் சின்ன ஹேங்கரில் இதே சூழ்நிலை தினமும் இருக்கிறது.

ஆகவே பாகத்தின் எண்ணைப் பட்டியலில் பாருங்கள். 8130-3 என்ற ஒப்புதல் சீட்டோ, பி.எம்.ஏ எனும் பாகத் தயாரிப்பு அனுமதி முத்திரையோ, ஏ.என், எம்.எஸ் போன்ற தர எண்ணோ இல்லாத பாகம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் மாட்டாதீர்கள். நட் கழலாமல் காக்கும் காட்டர் பின்னைக் கழற்றினால் அதையே திரும்பப் போடாதீர்கள். தானே பூட்டிக்கொள்ளும் நட் கை விரலால் சுழன்றால் அதன் ஆயுள் முடிந்தது. தரையில் விழுந்த ஸ்பார்க் பிளக்கின் உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருக்கலாம், வெளியே தெரியாது. குப்பையில் போடுங்கள், விலை பார்க்காதீர்கள்.

நான்காம் படி: அடுத்தவர் செய்த வேலைக்குக் கையெழுத்திடுவது

வெள்ளிக்கிழமை மாலைக் கதை இங்கேதான் வருகிறது. லைசென்ஸ் இல்லாதவர் என் மேற்பார்வையில் வேலை செய்ய 43.3 விதி இடம் தருகிறது. ஆனால் நிபந்தனை உண்டு. வேலை சரியாக நடக்கிறது என்று உறுதிப்படத் தேவையான அளவுக்கு நான் நேரில் பார்க்க வேண்டும். சந்தேகம் கேட்க நான் நேரில் கிடைக்க வேண்டும். வீட்டில் இருந்துகொண்டு ‘படம் எடுத்து அனுப்பு’ என்பது மேற்பார்வை ஆகாது. இன்னொன்றும் உண்டு: ஆனுவல், 100 மணி நேரச் சோதனைகளில் ‘பார்ப்பது’ என்ற வேலையை யாரிடமும் கொடுக்க முடியாது. தகடுகளைத் திறப்பது, கிரீஸ் போடுவது, மூடுவது எல்லாம் உதவியாளரோ உரிமையாளரோ செய்யலாம். கண் கையெழுத்திடுகிறவருடையதாக இருக்க வேண்டும்.

நடைமுறையில் நான் செய்வது இது. வேலை தொடங்கும்போதே எந்தெந்த இடத்தில் நிறுத்தி என்னைக் கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். மூடினால் மறைந்துவிடும் எதுவும் அந்தப் பட்டியலில் இருக்கும். டார்க் வைத்த பின், சேஃப்டி வயர் முறுக்கிய பின், மூடும் முன். அன்று நான் அந்தப் பட்டியலைத் தராமல் விட்டேன், அதனால்தான் தம்பி மூடிவிட்டார். பிழை அவருடையது அல்ல, என்னுடையது. அதை அவரிடம் சொல்லவும் செய்தேன்.

கற்றுக்கொடுப்பதையும் சோதிப்பதையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் செய்தால் என்ன ஆகும் என்பதை 2003 ஜனவரி 8-ல் வட கரோலைனாவின் சார்லட்டில் பார்த்தோம். ஏர் மிட்வெஸ்ட் 5481, பீச் 1900டி, கிளம்பிய உடனே விழுந்து அதில் இருந்த 21 பேரும் இறந்தார்கள். சில நாள் முன்புதான் மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடான எலிவேட்டரின் கேபிள் இழுவையைச் சரிசெய்திருந்தார்கள். அந்த மெக்கானிக்குக்கு அந்த ரகத்தில் அது முதல் முறை. அவருக்குக் கற்றுக்கொடுத்தவரே சோதிக்கவும் வேண்டியவர். இருவரும் சேர்ந்து மானுவலின் சில படிகளைத் தேவையில்லை என்று தாண்டினார்கள். தாண்டியவற்றில் ஒன்று, தவறைக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய முக்கியமான படி. மூக்கைக் கீழே இறக்கும் பக்கம் எலிவேட்டர் ஏறக்குறைய பாதித் தூரம்தான் போனது. பின்பக்கம் எடை கூடிய ஒரு பயணம் வந்தபோது, பைலட்டுகள் முழு பலத்தோடு தள்ளியும் மூக்கு இறங்கவில்லை.

கன்ட்ரோல்களைத் தொட்ட எந்த வேலைக்கும் இரண்டாவது ஆளைக் கூப்பிடுங்கள். வீலை இடப்பக்கம் திருப்பினால் இடது ஏலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடு) மேலே எழ வேண்டும். வீலில் கட்டைவிரலை நிமிர்த்திப் பிடித்துத் திருப்பினால், அது சாயும் பக்கத்து ஏலரான் எழும், மறக்கவே மாட்டீர்கள். ஒருவர் உள்ளே சொல்லட்டும், மற்றவர் வெளியே பார்த்துத் திரும்பச் சொல்லட்டும்.

ஐந்தாம் படி: குறுக்கீடு வந்தால்

இதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், கார்புரேட்டருக்குப் போகும் எரிபொருள் குழாயின் நட்டைக் கையால் திருகியிருந்தேன். ஸ்பேனர் வைக்கும் முன் ஃபோன் அடித்தது. பேசிவிட்டு வந்து அடுத்த குழாயிலிருந்து தொடங்கிவிட்டேன். இன்ஜினை ஓட்டி நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தபோது நட்டின் கீழே நீலக் கறை. 100எல்.எல் என்ற விமானப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் சேர்த்திருப்பார்கள், கசிவைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் சோதனையை நான் செய்யாமல் விட்டிருந்தால் அந்தக் கசிவு வானத்தில், சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் நடந்திருக்கும். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கனடாவில் கார்டன் டுபான்ட் 1990-களில் தொகுத்த ‘டர்ட்டி டசன்’ என்ற பன்னிரண்டு மனிதக் காரணங்களில் கவனச் சிதறலும் ஒன்று. அதற்கு அவர்கள் சொல்லும் வழியை அன்றிலிருந்து விடாமல் பின்பற்றுகிறேன்: திரும்பி வந்ததும் மூன்று படி பின்னால் போய்த் தொடங்கு. கூடவே, பாதியில் விடும் எந்த இணைப்பிலும் சிவப்பு நாடா கட்டுவேன். டார்க் வைத்து முடித்தால் மட்டுமே நட்டின் மேல் வண்ணக் கோடு இடுவேன். கவுலிங் மூடும் முன் கருவிகளை எண்ணிப் பெட்டியில் வைப்பேன். ஒரு ராட்செட் குறைந்தால் அது கிடைக்கும்வரை விமானம் நகராது.

ஆறாம் படி: எழுதுவது

43.9 விதி கேட்பவை: செய்த வேலையின் விவரம், முடித்த தேதி, செய்தவர் வேறொருவர் என்றால் அவர் பெயர், ஒப்புதல் தருகிறவரின் கையெழுத்து, லைசென்ஸ் எண், லைசென்ஸ் வகை. இவ்வளவுதான். அதே விதியில் இளைஞர்கள் கவனிக்காத ஒரு வரி உண்டு: அந்தக் கையெழுத்து செய்த அந்த வேலைக்கு மட்டுமே ஒப்புதல். ஆல்டர்னேட்டர் மாற்றிக் கையெழுத்திட்டால் இறக்கைக்கு நீங்கள் பொறுப்பில்லை.

ஆகவே எல்லையைத் தெளிவாக எழுதுங்கள். ‘மின்கோளாறு சரிசெய்யப்பட்டது’ என்று எழுதினால் எந்தக் கோளாறு, எப்படி என்று யாருக்குத் தெரியும்? ‘ஆல்டர்னேட்டர், இந்த எண், இந்த வரிசை எண் கழற்றப்பட்டது. இந்த எண் கொண்ட பழுதுநீக்கிய ஆல்டர்னேட்டர் மானுவலின் இந்தப் பகுதிப்படி பொருத்தப்பட்டது. இன்ஜின் ஓட்டி சார்ஜிங் வோல்டேஜ் சோதிக்கப்பட்டது, சரி’ என்று எழுதுங்கள். பத்து வருடம் கழித்து முன்பின் தெரியாத மெக்கானிக் ஒருவர் அதைப் படிப்பார்.

சோதனைகளுக்கு 43.11 விதி தனி. சோதனையின் வகை, தேதி, விமானத்தின் மொத்த மணி நேரம், ‘சோதிக்கப்பட்டு, பறக்கத் தகுதியான நிலையில் இருப்பதாகக் கண்டேன்’ என்ற உறுதிமொழி எல்லாம் வர வேண்டும். பெரிய பழுது என்றால் 337 படிவம். ஒரு பிரதி உரிமையாளருக்கு, ஒன்று 48 மணி நேரத்துக்குள் எஃப்.ஏ.ஏ-வுக்கு.

தேதியை முன்பின் மாற்றுவது, செய்யாததைச் செய்ததாக எழுதுவது, திறக்காத தகட்டுக்கு டிக் போடுவது எல்லாம் 43.12 விதிப்படி மோசடி. லைசென்ஸ் பறிபோகலாம். பறிபோனால் பொதுவாக ஓர் ஆண்டு வரை திரும்ப விண்ணப்பிக்கவும் முடியாது. ‘எல்லோரும் செய்வதுதானே’ என்று சொல்லும் ஹேங்கரில் சம்பளம் எவ்வளவு கொடுத்தாலும் இருக்காதீர்கள்.

ஏழாம் படி: முடியாது என்று சொல்வது

ஆனுவலில் ஒரு சிலிண்டரின் கம்ப்ரஷன், அதாவது காற்றை அழுத்திப் பிடிக்கும் திறன், போய்விட்டது என்று வையுங்கள். எக்ஸாஸ்ட் வால்வு பக்கம் காற்று சீறுகிறது. உரிமையாளர் சொல்கிறார்: ‘அடுத்த மாதம் மாற்றிக்கொள்கிறேன், இப்போதைக்குப் போட்டுக்கொடுங்கள்.’ இங்கே கோபமோ உபதேசமோ வேண்டாம். விதியே நல்ல வழி ஒன்றைக் கொடுத்திருக்கிறது. ஆனுவல் முடிந்தது, விமானம் பறக்கத் தகுதியாக இல்லை என்று லாக்புக்கில் எழுதி, குறைகளின் பட்டியலைக் கையெழுத்து, தேதியோடு உரிமையாளரிடம் கொடுத்துவிடலாம். அவர் அந்தக் குறைகளை வேறு ஏ அண்ட் பி ஒருவரிடம் சரிசெய்து கையெழுத்து வாங்கினால் விமானம் பறக்கலாம். ஆனுவலை மறுபடி செய்ய வேண்டியதில்லை. விமானத்தை வேறு ஊருக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்ய வேண்டுமென்றால் எஃப்.ஏ.ஏ-விடம் சிறப்புப் பறப்பு அனுமதி கேட்கலாம். யாரும் யாரையும் பிடித்து வைக்கவில்லை. நீங்கள் பொய்யும் எழுதவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ‘என் கையெழுத்து போனால் அடுத்த ஆனுவல் வரை இந்த விமானம் என் தலையில்’ என்று பயந்து, தேய்மான எல்லைக்குள் இருக்கும் பாகத்தையும் மாற்றச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் தொழில் தர்மம் அல்ல. ஆனுவல் கையெழுத்து சொல்வது சோதித்த அன்றைய நிலையை. விதிப்படி கட்டாயம் எது, தயாரிப்பாளரின் பரிந்துரை எது, என் சொந்த ஆலோசனை எது என்று மூன்று தனித் தலைப்பில் உரிமையாளருக்கு எழுதிக்கொடுப்பேன். முதல் தலைப்பில் பேரம் கிடையாது. மற்ற இரண்டில் பணமும் முடிவும் அவருடையவை.

பறக்கும் பள்ளிகளில் அழுத்தம் வேறு மாதிரி வரும். கட்டணம் வாங்கிப் பயிற்சி தரும் விமானம் 100 மணிக்கு ஒருமுறை சோதனைக்கு வர வேண்டும். சோதனை நடக்கும் இடத்துக்கு வந்துகொண்டிருந்தால் மட்டும் பத்து மணி நேரம் வரை தாண்டலாம், அதுவும் அடுத்த நூறில் கழியும். இதைப் பலர் ‘110 மணி வரை ஓட்டலாம்’ என்று வாசித்துக்கொள்கிறார்கள். மாணவர்கள் காத்திருக்கிறார்கள் என்பது உண்மையான கஷ்டம்தான், எனக்கும் தெரியும். அதற்கான தீர்வு 90 மணியிலேயே இடம் ஒதுக்கி வைப்பது.

சரி, அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். கவுலிங்கைக் கழற்றினோம். போல்ட்டுகளின் டார்க்கைப் பார்த்தேன், சரி. சேஃப்டி வயர் இறுகும் திசையில்தான் இழுத்தது, அங்குலத்துக்கு ஏழு முறுக்கு, சரி. பெல்ட் சரி. வயர் முனைகள் சரி. இன்ஜினை ஓட்டினோம், வோல்டேஜ் ஏறி நின்றது. மொத்தம் நாற்பது நிமிடம். அப்புறம் லாக்புக்கில் வேலையை எழுதி, விதி கேட்கிறபடி ‘செய்தவர்’ என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினேன். கீழே என் கையெழுத்தும் எண்ணும். ஒரு விமானத்தின் லாக்புக்கில் அவர் பெயர் ஏறியது அன்றுதான் முதல் முறை. பக்கத்தைப் படம் எடுத்து ஊரில் அம்மாவுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டார். அனுப்புங்க என்றேன்.